உழக்கினால் பேசும் றேடியோ

எங்கள் வீட்டு றேடியோவுக்கு நான்கு பெரிய பற்றரி வேண்டும். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக் கடைகளில் பற்றரியைக் காண முடியவில்லை. வடக்குக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் தடைபோட்ட சாமான்களில் பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு ரோச் லைற்றுக்குள் போடும் பற்றரியும் இருந்தது. அந்த வருடமே கரண்டும் நின்றது. ரீவி மூலையில் துணி போர்த்தியபடி கிடந்தது. பிறிட்ஜுக்குள் அம்மா காணி உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்துப் பூட்டினார். எலி அரிக்காத இடம் அது ஒன்றுதான்.

மற்றச் சாமான்கள் நின்றதை வீடு தாங்கிக்கொண்டது. விளக்கு இல்லையென்றால் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் தோய்ந்த பஞ்சு, சின்னக் குழாய்க்குள்ளால் ஏறும் நூல்திரி. அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதினை எழுதிச் சித்தியடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மின்கல மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றபோது, அப்பாவின் பழைய சீக்கோ 5 கைக்கு வந்தது. அதற்குப் பற்றரியும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. கை அசைந்தால் ஓடும். அப்பா காய்ச்சலில் படுத்த நாட்களில் அதை நான் கட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குள் ஓடித் திரிவேன், மணிக்கூடு நின்றுவிடக்கூடாது என்று.

றேடியோவுக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. செத்த பற்றரிகளை முற்றத்து ஓட்டில் வெயிலுக்கு அடுக்குவோம். காய்ந்த பிறகு கொஞ்ச நேரம் பாடும். பிறகு ஆணியால் துளைபோட்டு உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அதுவும் ஒருநாள் இரண்டுநாள்தான். அதன்பின் பற்றரி வீங்கி, துருத் தண்ணீர் கசிந்து, உள்ளிருந்த சுருள் கம்பியை அரித்துவிடும்.

அந்த றேடியோ மாமா சவூதியில் இருந்து கொண்டுவந்தது. மூன்று அலைவரிசை, கறுப்புத் தோல் உறை, இழுத்தால் முழநீளம் வரும் ஏரியல். நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த றேடியோக்களில் சிற்றலையைத் துலக்கமாக எடுப்பது அதுதான். ஏரியலின் நுனியில் செப்புக் கம்பியைச் சுற்றி, மறு முனையை முருங்கை மரத்தில் கட்டியிருந்தோம்.

அண்ணா அப்போது உயர்தரத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்தது அவன்தான். சைக்கிளின் முன் கவரில் இருந்த டைனமோவைக் கழற்றிப் பின் சில்லுக்கு மாற்றினான். சைக்கிளை டபிள் ஸ்ராண்டில் ஏற்றினால் பின் சில்லு நிலத்தில் படாமல் சுழலும். டைனமோவின் தலை ரயரில் உரஞ்சிக்கொண்டு கூடச் சுழலும். அது தரும் ஆறு வோல்ற், றேடியோ கேட்கும் ஆறு வோல்ற்றேதான். ஆனால் டைனமோவில் இருந்து வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதற்காக நான்கு இருவாயிகளைச் சதுரமாகப் பொருத்தினான். அவற்றையும், மின்னைச் சமப்படுத்தும் கொள்ளளவியையும் ஓடாமல் கிடந்த ரீவி ஒன்றில் இருந்து கழற்றிக்கொண்டான். அந்தக் காலத்தில் ஊரில் பல ரீவிக்கள் இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரிந்து றேடியோக்களுக்கு உயிர் கொடுத்தன.

கம்பியை றேடியோவுக்குள் கொடுப்பது எப்படி? பூவரசந் தடியைப் பற்றரி அளவுக்கு வெட்டி, சீவி, இரண்டு முனையிலும் பால்மா ரின் தகரத்தை ஆணியால் அறைந்தான். அந்த மரப் பற்றரிகள் றேடியோவின் வயிற்றுக்குள் அச்சொட்டாகப் பொருந்தின. முன் லைற்றின் பல்பையும் அவன் கழற்றவில்லை. வேகமாக உழக்கினால் மின் அழுத்தம் கூடி றேடியோ எரிந்துபோகும், கூடுவதைப் பல்பு குடித்துக்கொள்ளட்டும் என்று அதையும் சேர்த்தே கட்டினான். இதனால் பாட்டும் வந்தது, முற்றத்தில் வெளிச்சமும் வந்தது. முதல்முறை அது பேசியபோது அம்மம்மா கைகூப்பிக்கொண்டு நின்றார். அண்ணாவின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை, பிறகு அவன் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட நாளிலும் நான் காணவில்லை.

காலையில் திருச்சி வானொலி நல்ல துப்புரவாக வரும். கடலுக்கு அந்தப் பக்கம்தானே. ஏழேகாலுக்கு டெல்லியில் இருந்து ஆகாசவாணிச் செய்தி. சரோஜ் நாராயணசாமி வாசித்தால் ஒரு சொல்லும் தவறாது, டைனமோ இரைச்சலுக்குள்ளும் பிரித்துக் கேட்கலாம். ஆனால் ஊர் கூடுவது இரவு ஒன்பதேகாலுக்கு, லண்டன் பி.பி.சி. தமிழோசைக்கு. ஒன்பது மணிக்கே ஒழுங்கைச் சனம் வந்து திண்ணையில் இருந்துவிடும். வயது வந்தவர்கள் கதிரையில், நாங்கள் மணலில். உழக்குவது பெடியங்களின் வேலை, முறைவைத்து.

"ஒரு சீராய் உழக்கடா தம்பி, வேகம் வேண்டாம்," என்று பக்கத்து வீட்டு அப்பு சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் சொன்னது சரிதான். கால் கொஞ்சம் தளர்ந்தால் சத்தம் குறையும், அதோடு போகாமல் சிற்றலையில் நிலையமே விலகிவிடும். செய்தி நடுவில் சீன மொழியோ அரபு மொழியோ புகுந்துவிடும். அப்பா முள்ளை மயிரிழை திருப்பி மறுபடி பிடிப்பதற்குள் எந்த ஊரில் குண்டு விழுந்தது என்ற சொல் போய்விடும். எல்லோரும் உழக்கியவனைப் பார்ப்பார்கள். வேகம் கூடினாலும் ஆபத்து, பல்பு எரிந்துவிடும். புதுப் பல்புக்கு எங்கே போவது? கசற் போடும் றேடியோ என்றால் இன்னும் பாடு. கால் தளரத் தளர யேசுதாசின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் ஆழத்துக்குப் போகும்.

1992 மார்ச் 25, மெல்பேணில் உலகக் கிண்ண இறுதியாட்டம். பாகிஸ்தானும் இங்கிலாந்தும். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு ஒழுங்கைப் பெடியங்கள் எல்லாம் எங்கள் முற்றத்தில். ஆங்கில வர்ணனையில் பாதி விளங்காது, பெயரும் ஓட்டமும் விளங்கும். அலன் லாம்ப் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தார். சீற்றில் இருந்தவன் களைத்து இறங்க, அடுத்தவன் ஏறுவதற்கிடையில் றேடியோ அடங்கியது. மறுபடி சத்தம் வந்தபோது மைதானம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. வசிம் அக்ரம் அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் லாம்பையும் கிறிஸ் லூயிசையும் போல்ட் ஆக்கிவிட்டார். உலகமே பேசிய அந்த இரண்டு பந்துகளும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. அன்றைக்கு விழுந்த ஏச்சை, சீற் மாறிய அந்த இரண்டு பெடியங்களும் இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

வேறொரு கரைச்சலும் இருந்தது, அது விளையாட்டல்ல. டைனமோவின் இரைச்சல் தூரத்தில் வரும் விமானத்தின் இரைச்சல் மாதிரியே இருக்கும். சகடை என்று நாங்கள் சொல்லும் குண்டு போடும் விமானம் இரவிலும் வரும். அம்மா குசினி வாசலில் நின்று, "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, ஏதோ கேக்குது," என்பார். உழக்கு நிற்கும். பல்பு அணையும். லண்டன் பாதிச் சொல்லில் அறும். திண்ணை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு வானத்துக்குக் காது கொடுக்கும். ஒன்றும் இல்லையென்றால் மறுபடி உழக்கு, உண்மையென்றால் பங்கர். குண்டு எங்கே விழுந்தது என்று அறியவும் காது வேண்டும், விழப்போகிறதா என்று அறியவும் அதே காது வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த றேடியோ விடவில்லை. அதில் எனக்கு இருந்த கோபம் இன்றும் தீரவில்லை. கோபம் றேடியோவில் அல்ல, நான்கு பற்றரியைக் குடிமக்களுக்குத் தடைசெய்தவர்கள் மீது.

சாதனங்களை நம்பி வாழ்வது பலவீனம் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரடங்கிய ஒரு தீபகற்பத்தில், பாதையெல்லாம் அடைபட்டு, கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் போய்வந்த காலத்தில், நாங்கள் இருக்கிறோம் என்று வெளியே யாரோ சொல்கிறார்கள் என்பதை அறிய அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதை நம்பியது சரி. நாங்கள் அதன் உள்ளையும் அறிந்திருந்தோம். எது கழன்றால் எது நிற்கும் என்று எங்கள் ஒழுங்கையில் பத்து வயதுப் பெடியனுக்கும் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. அம்மா றேடியோவைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சோற்றுப் பானைக்குள் வைத்திருந்தார். டைனமோ சைக்கிளிலேயே இருந்தது. கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் ஒதுங்கிய பிறகு அண்ணா செய்த முதல் வேலை சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றியது. ஈர நிலத்தில் ஸ்ராண்ட் புதைந்தது, கீழே ஓலைமட்டை வைத்தோம். யாரென்று தெரியாத சனமெல்லாம் சுற்றி வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் இருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறிவிட்டார்கள் என்று லண்டன் சொன்னது. நாங்கள்தான் அந்தச் செய்தி. ஒரு கிழவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உழக்கிக்கொண்டிருந்தது நான். நிறுத்தவில்லை.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ட்ரெவர் பெய்லிஸ் என்பவர் சாவி முறுக்கினால் பாடும் றேடியோவைச் செய்தார். பற்றரி வாங்க முடியாத ஆபிரிக்கக் கிராமங்களுக்கு எயிட்ஸ் பற்றிய தகவல் போகவேண்டும் என்ற எண்ணத்தில் 1991இல் அவருக்கு அது உதித்தது. தென்னாபிரிக்காவில் தொழிற்சாலை வந்தது, விருதுகள் வந்தன. அவர் அதற்கெல்லாம் தகுதியானவர். ஆனால் அதே வேலையைச் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் முற்றத்தில் இருந்து செய்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எந்த றேடியோவுக்கு எந்த டைனமோ பொருந்தும், எந்தக் கொள்ளளவி இரைச்சலைக் குறைக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தது அவர்களோடே போகிறது. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. அப்பு இல்லை, அப்பாவும் இல்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு றேடியோவோ, மரப் பற்றரியோ, டைனமோவோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் இருந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். 2005இல் இருந்து எங்கள் எழுத்துகளையும் குரல்களையும் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அதைக் கொடுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே அதற்குப் போதும்.