குழலும் தோட்டாவும்

சேர்வராயன் மலையின் மூடுபனி கண்ணுக்கு இனியது. இரும்புக்கோ தீராப் பகை. ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டமொன்றை வைத்து வாழும் நாம் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியே கற்றோம்.

நம் தந்தையார் விட்டுச்சென்ற .22 துப்பாக்கிக்கு முறைப்படி உரிமம் பெற்றபின், ஒரு மழைக்காலம் முழுவதும் அதனை எண்ணெயிடாது பெட்டியில் வைத்துவிட்டோம். மார்கழியில் எடுத்துக் குழலினுள் நோக்கியபோது, சுழல் வரிகளில் துரு அரித்த குழிகள் தோன்றின. மலைப்பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சமவெளியிலுள்ள சுடுதளத்தை அடைந்து சுட்டுப் பார்த்தோம். முன்னர் ஒரு நாணயத்தால் மறைக்கத்தக்க இடத்தில் வீழ்ந்த குண்டுகள் உள்ளங்கையளவு சிதறின. தந்தையார் நாற்பதாண்டு பேணியதை நான்கு திங்களில் கெடுத்தோமே என்ற வெட்கம், வீடு திரும்பும் வரை நம்மை வாய் திறக்கவொட்டவில்லை.

குழலை மாற்றுவதெனத் துணிந்தோம். எந்தத் தோட்டாவுக்குரிய குழல் என்பதே அடுத்த வினா. நம் தம்பியின் மகன், "பெரியப்பா, மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள்; .22 மாக்னமாக மாற்றிவிடுங்களேன். வேகம் மிகுதி" என்றான். 1959-இல் வெளிவந்த அத்தோட்டா, வழக்கமான .22 லாங் ரைபிளைவிட நீண்டது, விரைவிலும் மிக்கது. வேகம் என்ற சொல்லுக்கு மயங்காதார் யார்? நம் மனமும் சற்றே அசைந்தது.

உரிமம் பெற்ற முதிய பணியாளர் ஒருவரிடம் சென்றோம். அவர் துப்பாக்கியைத் தொடுமுன், "ஐயா, எவ்வளவு தொலைவில் எதனைச் சுடப் போகிறீர்கள்?" என வினவினார். "50 மீட்டரில், காகித இலக்கை" என்றோம். அவர் நகைத்து, "காகிதத்தைத் துளைக்க வேகம் எதற்கு?" என்றார்.

பின்னர் விளக்கினார். மாக்னத்தின் அடிப்புறம் அகன்றது. ஆகவே குழலோடு போல்ட்டின் முகமும் மாறவேண்டும். உரிமத்தில் குறித்த தோட்டாவை மாற்றுவதற்கு அதிகாரிகளின் இசைவும் வேண்டும். போட்டிக்கென நுணுகிச் செய்யப்படும் தோட்டாக்களோ பெரும்பாலும் லாங் ரைபிள் வகையினவே. உலகப் போட்டிகளின் 50 மீட்டர்ப் பந்தயங்களிலும் அதற்கே இடமுண்டு. அங்கே பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டரே. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பந்தயத்தில் வெண்கலம் வென்றதும் இச்சிறு தோட்டாவால்தான்.

அவர் பேசுகையில் நம் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. தேசிய மாணவர் படையில் நாம் 25 கஜத்தில் சுட்ட கனத்த துப்பாக்கி, தோற்றத்தில் .303 போர்த் துப்பாக்கியே, உள்ளே சுட்டதோ.22. பெரிய துப்பாக்கியின் உடலை வைத்துக்கொண்டு, குழலையும் போல்ட்டின் தலையையும் சிறு தோட்டாவுக்கேற்ப அமைத்திருந்தனர். செலவு குறையும், தோளில் உதைப்பு இராது, பலமுறை சுடலாம், பலமுறை சுட்டாலன்றிக் கை பழகாது. இந்நன்மைகளை அக்காலத்தில் அறியாது, "பொம்மைத் துப்பாக்கி" என நாம் ஏளனம் செய்ததுண்டு!

லாங் ரைபிளுக்கே புதுக்குழல் பொருத்தப்பட்டது. எனினும் வேலை அத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தோட்டா இசையும். ஒரே பெயருடைய தோட்டாக்களுள்ளும், ஒரு தடவை வார்த்தது போல மறு தடவை வார்த்தது அமைவதில்லை. இவ்வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் விளிம்பிலேயே அடங்கியிருப்பதால், பிறவற்றைப் போல வீட்டில் நிரப்பித் திருத்தவும் இயலாது. ஆதலின் நான்கு வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டோம். விலையுயர்ந்தது தோற்றது, நடுவிலையது குண்டுகளை நெருக்கமாய்ச் சேர்த்தது. தம்பி மகன் அவ்விலக்குக் காகிதத்தை நெடுநேரம் நோக்கி, "பெரியப்பா, அடுத்த முறை நான் சுடட்டுமா?" என்றான். மாக்னத்தைப் பற்றி அவன் மீண்டும் பேசவில்லை.

மாணவ நண்பர்களே! கருவியைத் தேருமுன் அதனாற் செய்யும் காரியத்தைத் தேர்மின். குழல் புதிது, மரக்கட்டையோ பழையது. தந்தையாரின் கன்னம் படிந்து தேய்ந்த அவ்விடத்தில் இப்போது நம் கன்னம் படிகின்றது. மூடுபனி இறங்கும் மாலைதோறும் எண்ணெய்த் துணியை எடுக்க நாம் மறப்பதில்லை.