பெரியப்பாவின் பாகவதர்

பெரியப்பா பாடினால் சாருகேசி ராகம் சாருகேசியாக இருக்காது. ஆனாலும் ஹரிதாஸ் படப் பாட்டு என்று முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும். திருச்சிக்காரர் அவர். எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்தது 1910இல் மாயவரத்தில் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "பொறந்தா என்ன? வளர்ந்தது இங்கதானே!" அதுவும் வாஸ்தவம். பொற்கொல்லர் வீட்டுப் பையன், திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யர் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியவர், 1934இல் பவளக்கொடி வழியாகத் திரைக்குப் போனார்.

அப்பா, பாகவதருக்குப் போட்டியாக இருந்த பி.யு. சின்னப்பாவின் கட்சி. "உங்க ஆளுக்கு நடிக்கத் தெரியுமாண்ணே?" என்று சீண்டுவார். "பாடறவன் எதுக்குடா நடிக்கணும்?" என்பார் பெரியப்பா.

வீம்புக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அந்தக் காலத்துச் சினிமா அப்படித்தான் இருந்தது. 1937இல் வந்த பாகவதரின் சிந்தாமணியின் லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, படத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அதே வருஷம் வந்த அம்பிகாபதியை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பாபநாசம் சிவன் எழுத, பாகவதர் பாடினால் போதும். பெரியப்பா பழைய போட்டோ ஒன்றில் பிடரியில் புரளும் பாகவதர் கிராப்போடு நிற்கிறார். தாத்தா அதற்காக அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. பெற்றவர்களை வீட்டைவிட்டுத் துரத்தும் பிள்ளைக்கு, கால்களை இழந்த பிறகு புத்தி வருகிற கதை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். முதலில் சினிமா தூது, பிறகு இந்து நேசன் என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகையரின் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதிக் காசு பார்த்தவர். டிசம்பரில் அந்தக் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். என்.எஸ். கிருஷ்ணனும் உள்ளே போனார். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் வழக்கு மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947 ஏப்ரலில் விடுதலை.

இதற்கிடையே பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருந்தது. 1945 தீபாவளி, 1946 தீபாவளி. ஆள் சிறையில், குரல் கொட்டகையில். ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை என்பதற்குப் பெரியப்பா காட்டும் சாட்சி இதுதான். அதே ஜனங்கள் 1948இல் வந்த பாகவதரின் ராஜமுக்திக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் படத்தில் சின்ன வேஷம் கட்டிய எம்.ஜி.ஆரைப் பற்றியும் வி.என். ஜானகியைப் பற்றியும் ஆரம்பித்துவிடுவார். அது வேறு கதை.

ஜெயில்தான் பாகவதரைத் தீர்த்துக்கட்டியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அதே வழக்கு, அதே தண்டனை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வெளியே வந்து நல்லதம்பி, மணமகள் என்று முன்னைவிட வேகமாக ஓடினார். அவர் சரக்கு பேச்சு. காலமும் பேச்சின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1952இல் பாகவதரின் அமரகவி வந்தது. அதே வருஷம் தீபாவளிக்குப் பராசக்தி வந்தது. கோர்ட்டில் நின்று ஒரு புதுமுகம் பேசிய வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தபோது, ஆலாபனை கேட்கப் பொறுமை யாருக்கு இருந்தது? கச்சேரியில் அவருக்குக் கூட்டம் குறையவில்லை என்பார்கள். குரல் போகவில்லை, அதற்கு இடம் கொடுத்த சினிமா போய்விட்டது.

1957இல் புதுவாழ்வு எடுத்தார், தானே இயக்கி. அதுவும் போயிற்று. சர்க்கரை நோய், கண்பார்வைக் கோளாறு. 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் இறந்தபோது வயது 49. அவர் நடித்த சிவகாமி அதற்கப்புறம்தான் வெளிவந்தது.

எங்கள் வீட்டில் வழக்கு மட்டும் முடியவே இல்லை. அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் பெரியப்பா என்று கேட்டால், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு பெயர் சொல்வார். அடுத்த தடவை கேட்டால் வேறு பெயர்.