டைரிக்கும் வவுச்சர் உண்டு

வருஷா வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி வரை தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். அதற்கப்புறம் அது பால் கணக்கு நோட்டாகிவிடும். ஆகவே, அறுபது வால்யூம் டைரியை ஒரு மனுஷர் உட்கார்ந்து எழுதினார், அதுவும் இன்னொருத்தர் பெயரில் எழுதினார் என்று படித்தபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது!

அந்த இன்னொருத்தர் ஹிட்லர். எழுதினவர் கொன்ராட் குயாவ் என்கிற ஜெர்மன் ஆசாமி. 1983 ஏப்ரல் 25-ம் தேதி, ஹாம்பர்க்கில் 'ஸ்டெர்ன்' பத்திரிகை நிருபர்களையெல்லாம் கூப்பிட்டு, "ஹிட்லரின் டைரிகள் கிடைத்துவிட்டன" என்று அறிவித்தது. அதற்குக் கொடுத்த விலை சுமார் 93 லட்சம் மார்க். 1945-ல் டிரெஸ்டன் அருகே விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து தப்பியவை என்று கதை. விமானம் விழுந்தது நிஜம். டைரி இருந்ததுதான் பொய்.

ஹிட்லரின் கடைசி நாட்களைப் பற்றிப் புத்தகமே எழுதிய ட்ரெவர்-ரோப்பர் என்கிற பிரிட்டிஷ் சரித்திர ஆசிரியரும் முதலில் தலையாட்டினார். இத்தனை வால்யூமை எவன் மெனக்கெட்டுப் போலியாக எழுதுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கையெழுத்து நிபுணர்களும் "அதே கைதான்" என்றார்கள். சரிதான்! ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த 'அசல்' காகிதங்களிலேயே குயாவின் கைவண்ணம் கலந்திருந்தது. திருடனுக்குத் திருடனே ஜாமீன்.

பி.காம். முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பில்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் சொல்லுவார்: "தம்பி, தொகையைக் கடைசியில பாரு. பேப்பரை முதல்ல பாரு." ஒரு நாள் 2015-ம் வருஷத் தேதி போட்ட பில் ஒன்று வந்தது. கையெழுத்து, சீல், கூட்டல் எல்லாம் கச்சிதம். ஆனால் தலைப்பில் ஜி.எஸ்.டி. நம்பர் அச்சடித்திருந்தது. ஜி.எஸ்.டி.யே 2017 ஜூலையில்தான் வந்தது! பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் செய்ததும் இந்த வேலையைத்தான். காகிதத்தைப் புற ஊதா விளக்கில் காட்டினார்கள்; பளிச்சென்று ஒளிர்ந்தது. வேட்டியை வெளுப்பாகக் காட்ட சலவைப் பவுடரில் சேர்க்கிறார்களே, அந்த மாதிரி ரசாயனம். காகிதத்தில் அது யுத்தத்துக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. பைண்டிங் நூலில் பாலியெஸ்டர் இருந்தது. சமாசாரமோ, 1960-களில் வெளியான ஹிட்லர் சொற்பொழிவுத் தொகுப்பிலிருந்து அடித்த காப்பி. அந்தப் புத்தகத்தின் தப்புகள் உட்பட! பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது அவனுடைய ரிஜிஸ்டர் நம்பரையும் சேர்த்து எழுதின கதை. பதினோராவது நாள், மே 6-ம் தேதி, 'போலி' என்று தீர்ப்பு வந்துவிட்டது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் 2023-ல் என்.டி.ஆர். என்கிற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் அந்த டைரிகளை முழுசாக வெளியிட்டபோது இன்னொன்று தெளிவானது. குயாவின் ஹிட்லர், யூதர்களின் படுகொலையைப் பற்றி ஒன்றுமே அறியாத அப்பாவி!

கொன்றவனைக் காப்பாற்ற ஒரு போலி டைரி என்றால், செத்தவளின் அசல் டைரியைப் போலியாக்கவும் ஆள் இருக்கத்தானே செய்வார்கள்? ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து மறைந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், 1942-லிருந்து 1944 ஆகஸ்ட் 1 வரை டைரி எழுதினாள். 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தபோது வயசு பதினைந்து. அப்பா ஓட்டோ 1947-ல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1980-ல் ஜெர்மன் குற்றப் புலனாய்வுத் துறை, தனித் தாள்களில் சில திருத்தங்கள் பால்பாயின்ட் பேனாவில் இருப்பதாக ஒரு சின்ன அறிக்கை தந்தது. "யுத்தத்துக்குப் பிறகு புழங்கிய பேனா ஆச்சே!" என்று குதித்தது ஒரு கூட்டம்.

ஜி.எஸ்.டி. நம்பர் மாதிரியே இருக்கிறதல்லவா? கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் மழுப்பாமல் பதில் தேடினார்கள். நெதர்லாந்துத் தடயவியல் கூடம் காகிதம், மை, பசை எல்லாவற்றையும் சோதித்தது. எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. கையெழுத்தை அவளுடைய கடிதங்களோடும், தோழிகளின் ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதின வரிகளோடும் ஒப்பிட்டார்கள். பல வீடுகளில் பல பேர் பத்திரப்படுத்தினவை. ஒரே ஆசாமியின் பையிலிருந்து வந்தவை அல்ல. பால்பாயின்ட்? இரண்டே இரண்டு துண்டுச் சீட்டுகள். அவள் கையெழுத்தே இல்லை; 1960 வாக்கில், பிரதிகளைப் பரிசோதித்த சமயத்தில் யாரோ குறித்துச் சொருகியவை. சோதனை விவரங்களோடு 1986-ல் ஆய்வுப் பதிப்பு வந்தது. தங்கள் பழைய அறிக்கையை வைத்து டைரியைச் சந்தேகிக்க இடமில்லை என்று 2006-ல் அந்த ஜெர்மன் துறையே சொல்லிவிட்டது.

எனக்கு உறைத்தது இதுதான். ரகசியம் வெளியே போய்விடுமே என்று 'ஸ்டெர்ன்' முழுச் சோதனை முடிவதற்குள் அச்சேற்றிவிட்டது. ஓட்டோவோ மகளின் கையெழுத்துப் பிரதிகளை நெதர்லாந்து அரசின் யுத்த ஆவண நிறுவனத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1980-ல் கண்ணை மூடினார். ஆய்வுப் பதிப்பைப் பார்க்க அவர் இல்லை.

வதந்தி மட்டும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஓர் இரவு, அவள் மறைந்திருந்த அதே வீட்டுச் சுவரில், பால்பாயின்ட் பேனாவைக் கண்டுபிடித்தவளே ஆன்தான் என்று நக்கலாக லேசரில் எழுதிக் காட்டினார்கள். உங்களிடம் யாராவது அந்தப் பேனாக் கதையை ஆரம்பித்தால் கோபப்படாதீர்கள். "எத்தனை சீட்டு? யார் கையெழுத்து?" என்று மட்டும் கேளுங்கள்.

ரெண்டு. அவளுடையது இல்லை.