அலிகேட்ஸ் மேடை ஏறினால்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் ‘அலிகேட்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் 1960களின் இறுதியில் தொடங்கிய இசைக்குழு அது. எழுபதுகளில் ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துத் தேறியவர்கள், மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப் போட்டார்கள். எம். நாசிர் மெட்டமைத்த பாடல்களும் அவற்றில் உண்டு. ‘சென்யும்லா கோலாலம்பூர்’ இந்த நகரத்தின் சொத்தாகவே ஆகிவிட்டது.

2007 ஜூன் 4 அன்று தம்பி லோகா (லோகநாதன்) மறைந்தார். கிள்ளானில் எங்கள் பெரியம்மா அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. சொந்தத் தம்பி போனது போல உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் டேவிட் குழுவை விடவில்லை. பின்னொரு நாள் பெரியம்மாவை அவர்கள் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். முட்டி வலி, கையில் தைலப் புட்டி. எங்கள் மேசையில் ஒரு மலாய் மக்சிக் (அத்தை), எதிரே வழுக்கைத் தலைச் சீன அங்கிள். லோகா பாடிய பாட்டு ஆரம்பித்ததும் பெரியம்மா என் கையை உதறிவிட்டு எழுந்தார். மூவரும் ஒரு சொல் பிசகாமல் கடைசி வரை பாடினார்கள். மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். மூன்று இனத்தாரையும் இப்படி ஒரே பாட்டில் எழுப்பி நிறுத்தும் குழு இந்நாட்டில் வேறெது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயரே புதிது. அடுத்த நிகழ்ச்சி அறிவித்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.