வேப்புக்கு எந்த செல் நல்லது?

உங்கள் வீட்டில் எத்தனை 18650 இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் பெரும்பாலும் ஆறு. கனமான பவர் பேங்கில் இரண்டு மூன்று. சார்ஜ் போடுகிற டார்ச்சில் ஒன்று. பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். சுவர்க்கடிகாரத்துப் பென்சில் செல்லுக்கு அண்ணன் மாதிரி சாதுவாகத் தெரியும். சாது இல்லை.

என் சித்தி பையன் மயிலாப்பூரில் வளர்ந்தவன், இப்போது நண்பர்களோடு அடையாறில் அறை எடுத்திருக்கிறான். சிகரெட்டை விடுவதற்காக என்று சொல்லி வேப் பிடிக்க ஆரம்பித்தான். இன்றைக்கு அவனிடம் இரண்டும் இருக்கிறது. போன கோடையில் ஒரு போட்டோ அனுப்பினான். சிவப்பு உறை போட்ட செல், மேலே பெரிதாக 9900 எம்ஏஹெச். "அண்ணா, வேப்புக்கு இது சேஃபா? நீதானே ட்ரிபிள் ஈ."

ட்ரிபிள் ஈ படித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷமாக ஜாவா எழுதுகிறவன் நான். இருந்தாலும் இந்தக் கேள்வியை அவன் வேறு யாரிடம் கேட்பான்? தமிழ்நாடு 2018லேயே மின்சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது, அந்த வருஷக் கடைசியில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். (சரியாக மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, லித்தியம் அயான் பேட்டரிக்கு வேதியியல் நோபல் அறிவித்தார்கள்.) எனக்குத் தடையோடு சண்டை இல்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வருகிற பொருளுக்கு பில்லும் கிடையாது, எச்சரிக்கைத் துண்டுத்தாளும் கிடையாது. "இந்த செல்லைப் போடாதே தம்பி" என்று சொல்ல ஒரு கடைக்காரரும் கிடையாது.

முதலில் அந்த 9900. அது பச்சைப் பொய். இந்த அளவு டப்பாவுக்குள் நல்ல கம்பெனிகளே பல வருஷமாக 3500ஐச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆனால் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வேப்புக்குப் பார்க்க வேண்டியது கொள்ளளவை அல்ல, செல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதை. அவன் காயில் 0.2 ஓம். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். வகுத்தால் 21 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடுகிற தடித்த ப்ளக்கே 16 ஆம்பியர்தான்! வோல்டேஜ் வேறு என்பது தெரியும். ஆனால் அந்த விரல் நீள செல்லுக்குள் என்ன ஓடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். பேனசோனிக்கின் என்சிஆர்18650பி 3400 கொள்ளளவு உள்ளது, ஏழு ஆம்பியருக்குள் முடங்கிவிடும். சாம்சங் 25ஆர் வெறும் 2500தான், ஆனால் 20 வரை தாங்கும். பெரிய நம்பரைப் பார்த்து வாங்குகிற நம் புத்தி இங்கே தலைகீழாக வேலை செய்கிறது.

தாங்காத செல்லை இழுத்தால் சூடாகும். உள்ளே இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது உருகினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், சூடு சூட்டை வளர்க்கும், உள்ளே இருக்கிற திரவமோ பற்றி எரியக்கூடியது. வெளியேயும் இதே கதை. செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனை, உச்சிப் பொட்டு மட்டும் நேர்முனை. கிழிந்த உறை, ஜீன்ஸ் பாக்கெட்டில் பைக் சாவி, இரண்டு நாணயம் போதும். 2009லிருந்து 2016 முடிய செய்திகளில் வந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. அதில் 61, கருவியோ உபரி செல்லோ பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை. அந்தக் கணக்கில் சாவு இல்லை. 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் அதுவும் நடந்தது.

தி. நகரில் கால் பவுன் தோடு வாங்கினாலும் ஹால்மார்க் இருக்கிறதா என்று லென்ஸ் கேட்டுப் பார்க்கிறோம். அதே பிஐஎஸ்தான் இந்த செல்லுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். செல்லைத் திருப்பிப் பார்க்கிற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் முழு நிம்மதி கிடையாது. செத்த லேப்டாப் பேட்டரியை உடைத்து, செல்லுக்குப் புது உறை மாட்டி, புதுசு என்று விற்பது நடக்கிறது. உறையில் எதையும் அச்சடிக்கலாம். எடை கொஞ்சம் உதவும்: நல்ல 18650 சுமார் 45 கிராம் இருக்கும், 30, 35 கிராம் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "சரிண்ணா, அப்போ 25ஆர் வாங்கட்டா?" என்றான்.

நேர்மையான பதில் அவனுக்குப் பிடிக்காத பதில். செல் செய்கிற பெரிய கம்பெனிகளே தங்கள் 18650ஐ வேப்பில் தனியாகப் போடாதே என்கின்றன. பாதுகாப்பு சர்க்யூட்டோடு பேக்காகக் கட்டிப் பயன்படுத்தத்தான் அதைச் செய்கிறார்கள். தனி செல்லை வாங்கவே வாங்காதீர்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் சொன்னது. ஆக 25ஆர் என்பது அந்தச் சிவப்பு செல்லைவிட ஆபத்து குறைந்தது, அவ்வளவுதான். "அப்போ எதுவுமே போடக் கூடாதா?" என்று கேட்டான். "கூடாது" என்று ஒரே வார்த்தையில் டைப் செய்தேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இதைப் படிக்கிற உங்களிடமும் உறை கிழிந்த செல் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கலாம். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பைக் சீட்டுக்கடியில், வெயிலில் போட்டு வைக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை லாரி அதை நசுக்கும். மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்கிறவரை மற்ற செல்களோடு சேராமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக இருக்கட்டும்.