இடதுகால் ஆட்டம்

பெங்களூரு ஈஜிபுராவில் பந்து உதைக்க இடம் பிடிப்பது பெரும்பாடு. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்கவென்று எழுப்பிய அடுக்குமாடிகள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இன்னொரு பக்கம், 2017இல் தொடங்கி வருடக்கணக்கில் இழுபட்ட மேம்பாலத்தின் தூண்கள். நடுவே ஒரு பள்ளியின் செம்மண் கிரவுண்டு. வண்டிகள் நிறுத்தியது போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் கால்பந்து மாஸ்டரின் பயிற்சி. விடிந்தும் விடியாமல் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். சிலருக்கு பூட்ஸ், பலருக்கு பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூ.

அன்றைய ஆட்டத்துக்கு ஒரு விசித்திரமான விதி இருந்தது. பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது இடதுகால். வலதுகால் பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் கால்மணி நேரம் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து ஸ்கூட்டர்களுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டவே இல்லை. ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில் விழுகிறதா, முட்டி மடங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தார். “டேய், ஒடம்பத் திருப்புடா, கால மட்டும் நீட்டாத!” தமிழில் ஒரு அதட்டல், அதே மூச்சில் கன்னடத்தில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் பாஸ்கள் தரையோடு ஓடத் தொடங்கின.

“இது நான் கண்டுபுடிச்சது இல்ல சார். எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தது. அவருக்கு ஹைதராபாத்துல இருந்து வந்துச்சு” என்றார்.

ஹைதராபாத் என்றால் சையத் அப்துல் ரஹீம். 1909இல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். உடற்கல்வியில் டிப்ளமா வாங்கி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி போன்ற இடங்களில் விளையாட்டைக் கவனித்தவர். பழகாத காலுக்கென்றே ஒரு போட்டி, டிரிப்ளிங் கூடாது என்று இன்னொரு போட்டி நடத்தினார். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. செகந்தராபாத்தின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராமுக்குப் பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லை என்று தெரிந்ததும், கையிலிருந்து வழிச்செலவு கொடுத்து வரவழைத்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற, ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணியில் அந்தப் பலராம் இருந்தார். ரஹீம் அப்போதே புற்றுநோயாளி. மறு ஆண்டு ஜூனில் இறந்தார்.

2024இல் ரஹீமின் கதையைச் சொல்லும் ‘மைதான்’ படம் வந்தபின் இந்தப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அஜய் தேவ்கன் முகத்தோடு. படங்களுக்குத் தங்கப் பதக்கம்தான் வேண்டியிருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் பதக்கத்தைவிட இடதுகால் ஆட்டம்தான் பெரிய சொத்தாகப் படுகிறது. புத்தகமில்லாமல், சான்றிதழ் இல்லாமல், கால்வழியாகவே அது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மாஸ்டர், பெங்களூரு லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர். எச்ஏஎல், ஐடிஐ போன்ற அரசு நிறுவனங்கள் பந்து விளையாடுகிறவர்களுக்கு வேலை கொடுத்த காலத்தின் வாலைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் போனவர். பகலில் கூரியர் கிடங்கில் வேலை. “ஃபீஸ் கேட்டா பாதிப் பேர் நின்னுடுவாங்க” என்பதோடு பணப் பேச்சை முடித்துக்கொண்டார். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டு கழித்து கர்நாடகா மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை வாங்கியதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறியது.

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவரிடமே பழகிய ஒரு கல்லூரி மாணவி. அவர் விதியை மாற்றிவிட்டார்: எந்தக் காலாலும் ஆடலாம், இடதுகால் கோலுக்கு மட்டும் இரண்டு புள்ளி.

“வெறும் இடதுகால்னா குட்டிப் பசங்க அழுவுறாங்க மாஸ்டர்.”

“அழட்டும். நீயும் அழுதவதான?”

“அதனாலதான் மாத்துனேன்.”

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பெரிய பையன்களிடம் விதியைச் சொன்னபோது, இடதுகால் கோலுக்கு இரண்டு என்றார்.