நோ ஆன்சர்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடை ஒன்று. பெயர் வேண்டாம். கடைக்குள்ளேயே ஒரு சின்ன ஆபீஸ். மூன்று மேஜை, மூன்று போன். பாலக்கோட்டில் தக்காளி போட்டவர், அரூர் பக்கம் மரவள்ளி போட்டவர், பென்னாகரத்துக்காரர் என்று யாருக்குப் பைப் அடைத்துக்கொண்டாலும் முதலில் அடிப்பது இந்த நம்பருக்குத்தான். போன் எடுப்பதற்கென்றே ஒரு பெண் வேலையில் இருந்தார். பி.காம். முடித்தவர், தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்.

ஒரு மாதக் கடைசியில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, ஒரு கட்டு பிரிண்ட் அவுட்டை மேஜையில் போட்டார்.

"என்னம்மா இது? உன் எக்ஸ்டென்ஷன் நம்பருக்கு நேரா பக்கம் பக்கமா நோ ஆன்சர்னு வந்திருக்கு. போன் எடுக்கத்தானே உனக்குச் சம்பளம்?"

"எல்லாத்தையும் எடுத்துட்டுதான் சார் இருக்கேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும். மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது வேறு, முதலாளி படித்தது வேறு.

எஸ்.டி.டி. பூத் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஓடும் சிவப்பு எண்கள். பேசி முடித்ததும் ஒரு துண்டுச்சீட்டு வரும்: நம்பர், நேரம், எத்தனை பல்ஸ், எவ்வளவு ரூபாய். ஒரு அழைப்புக்கு ஒரு சீட்டு. கிடைக்காத காலுக்குச் சீட்டும் கிடையாது, காசும் கிடையாது. (இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அது தர்மபுரித் தெருமுனைக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயிற்று என்பது தனிக்கதை.) அலுவலகங்களில் இருந்த பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளும் அப்படித்தான். பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். அதில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்டிவிட்டால், ஒவ்வொரு கால் முடிந்ததும் கர்ரென்று ஒரு வரி அடிக்கும்.

இப்போது நிறைய இடங்களில் அந்தப் பெட்டியின் வேலையை ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரே செய்கிறது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் 1999ல் எழுத ஆரம்பித்த ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள்தான் இதற்குப் பெரிய காரணம். இந்தக் கடையில் இருந்ததும் அதுதான். ஒவ்வொரு அழைப்பைப் பற்றியும் அது ஒரு வரி எழுதிவைக்கும்: யார் அடித்தது, யாருக்கு, எப்போது ஆரம்பம், எப்போது எடுத்தார்கள், எப்போது முடிந்தது, முடிவு என்ன. பத்துப் பதினைந்து கட்டங்கள், நடுவில் கமா. அவ்வளவுதான்.

இதில் நேரத்துக்கே இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று மணி அடித்த நேரத்தையும் சேர்த்த மொத்தம். மற்றது எடுத்த பிறகு பேசிய நேரம் மட்டும். முதலாவதைப் பார்த்துவிட்டு "இவன் ரொம்ப நேரம் பேசறான்" என்று பழி போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நம் கதையில் பழி வேறு மாதிரி. பி.பி.எக்ஸ். மாட்டிக்கொடுத்த பையனிடம் அந்தப் பெண் போனிலேயே கேட்டார். அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, வெளியிலிருந்து கால் வந்தா எத்தனை போன் அடிக்கும்?" மூன்றும் சேர்ந்து அடிக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவர் பேசுவார். "அப்படின்னா ஒரு காலுக்கு மூணு வரி எழுதும் அக்கா. எடுத்தவங்களுக்கு ஆன்சர்ட். மத்த ரெண்டு பேருக்கும் நோ ஆன்சர்."

பக்கத்து மேஜைக்காரர் கை நீட்டி எடுத்த ஒவ்வொரு காலுக்கும் இந்தப் பெண்ணின் பெயரில் ஒரு 'நோ ஆன்சர்' விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் எடுத்த ஒவ்வொரு காலுக்கும் மற்ற இருவர் பெயரிலும் விழுந்திருக்கிறது. ஆனால் முதலாளி வடிகட்டிப் பார்த்தது இவர் எக்ஸ்டென்ஷனை மட்டும்தான்!

ஒரே காலின் வரிகளைச் சேர்த்துப் பார்க்க அவற்றுக்குப் பொதுவான ஒரு அடையாள எண் உண்டு. நீளமான எண், நடுவில் ஒரு புள்ளி, அதன் பின் ஒரு வரிசை எண். சரி, அதை வைத்துச் சேர்த்துவிடலாம் என்று முதலாளி கொடுத்த கோப்பைத் திறந்தால், அங்கே எக்செல் தன் கைவரிசையைக் காட்டியிருந்தது.

எக்செல்லுக்கு எல்லாமே கணக்கு. எண்ணாகத் தெரிவதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின் 10 என்று இருந்தால் அதற்கு 1தான், கடைசிச் சுழி வெட்டி! தர்மபுரி எஸ்.டி.டி. கோடு 04342. முன்னால் உள்ள சுழியையும் விழுங்கிவிடும். மிஞ்சுவது பத்து இலக்கம், ஏதோ செல் நம்பர் போலவே நிற்கும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க நம்பர் என்றால் 9.19 என்று ஆரம்பித்து ஈ, பிளஸ், 11 என்று விஞ்ஞானப் பாடம் நடத்தும். அதுவரைகூடப் பரவாயில்லை, உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அதே கோப்பை சி.எஸ்.வி. ஆகத் திரும்பச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் எழுதப்படும். நம்பர் போயே போச்சு.

இது சின்னக் கடைகளின் தொல்லை மட்டுமல்ல. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளின் விவரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது வெளியே வந்தது. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை அத்தனை நாள் தள்ளிப்போனது.

அழைப்புப் பட்டியலில் உயிரே தொங்கிய வழக்கும் உண்டு. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் செல்போன் பதிவுகள் முக்கியமான சாட்சி. அந்தப் பட்டியலில் ஒரே நேரத்துக்கு ஒரே அழைப்பு இரண்டு வரியாக இருப்பதைக் காட்டி, இதை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு கேட்டது. அது கருவியில் நேர்ந்த பிழை, அதற்காகப் பட்டியலையே தள்ளவேண்டியதில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2005 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கை உறுதிசெய்தது, இருவரின் விடுதலையையும் உறுதிசெய்தது. சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிரிண்ட் அவுட்டை வேறு வழியில் நிரூபிக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. 2014 செப்டம்பரில் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றி, நகலைக் கொடுப்பதானால் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2020ல் மூன்று நீதிபதிகள் அதை மீண்டும் உறுதிசெய்தார்கள். இப்போது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் கேட்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். எக்செல்லில் திறந்து சேமித்த கோப்புக்கு அது எப்படி ஒத்துப்போகும்?

கோர்ட்டுக்கு இத்தனை கேட்கத் தெரிந்திருக்கிறது. ஆபீஸில் ஒருவர் வேலை போவதற்கு மட்டும் ஒரு பிரிண்ட் அவுட் போதும்!

சரி, நாலு ரோட்டுக்கு வருவோம். அந்தப் பையன் மறுநாள் பைக்கில் வந்து, மூலக் கோப்பை எடுத்து, எக்செல்லில் நேராகத் திறக்காமல், இறக்குமதி செய்யும்போதே நம்பர்க் கட்டங்களையெல்லாம் 'டெக்ஸ்ட்' என்று குறித்துக் கொண்டுவந்தான். அடையாள எண்ணை வைத்து வரிகளைச் சேர்த்தான். கட்டு கட்டாக இருந்த 'நோ ஆன்சர்' ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு பக்கத்தையும் விடவில்லை.

"இது என்னப்பா, நடுராத்திரி பன்னெண்டரை, ஒருமணிக்கெல்லாம் கூப்பிட்டிருக்கான்? சொட்டுநீர்க் கடைக்கு அந்நேரத்துல எவன் போன் போடுவான்?"

பையன் சிரித்துவிட்டான். கம்ப்யூட்டரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாட்டியவன் அவன்தான், மாற்ற மறந்தவனும் அவன்தான். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை ஆறு, ஆறரை.

"ஆறு மணிக்கா..." என்று முதலாளி இழுத்தார்.

அந்தப் பெண்தான் சொன்னார். "எங்க ஊர்ல இப்ப காலையிலதான் சார் த்ரீ பேஸ் கரண்ட் விடறான். மோட்டார் போட்டதும்தானே எந்த லைன்ல தண்ணி வரலன்னு தெரியும்? உடனே அடிப்பாங்க. நாம ஒன்பதரைக்குத்தானே கடை திறக்கறோம்."

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்து, கடை திறக்கும்வரை வரும் கால்களைத் தன் செல்லுக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான். அந்தப் பெண் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தபோது மூன்று போனும் சேர்ந்து அடித்தன. பக்கத்து மேஜைக்காரர் எடுத்தார்.